கூடையா, குடையா?

பள்ளிக்கூடம் தெறந்து ரெண்டாவது வாரம். பாப்பா டைரியைக் கொண்டாந்து என் மடியில வெச்சா. (பாப்பாவுக்கு ஏழு வயசு. ரெண்டாம் வகுப்பு.) செவப்பு மையில ஒரு குறிப்பு.

'வாசிக்கும்போது உதடு அசைகிறது. வீட்டில் மனதிற்குள் படிக்கப் பழக்கவும்.'

கீழ பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டு இருந்த நேரம். படிச்சேன், கையெழுத்துப் போட்டேன், பையில வெச்சேன். ராத்திரி படுத்த பிறகுதான் அந்த வரி மனசுல வந்து உக்காந்துச்சு. 'உதடு அசைகிறது.' பிள்ளைக்கு ஏதோ நோய் இருக்குன்னு எழுதின மாதிரி இருந்துச்சு எனக்கு. போன வருஷம் வரைக்கும் எழுத்துக் கூட்டிப் படிச்சவ. இப்பதான் ஒரு முழு வரியை நிக்காம படிச்சு முடிக்கிறா. உதடு அசையாம எப்படி இருக்கும்?

கோவம் வந்துச்சு. ஆனாலும் டீச்சர் சொன்னா காரணம் இருக்கும்னு அப்படியே செஞ்சேன். மூணு வாரம்.

அந்த மூணு வாரத்துல நடந்ததையும் அதுக்கப்புறம் நடந்ததையும் சொல்லத்தான் இந்தப் பதிவு. (கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.)

முதல் நாள், "மனசுக்குள்ள படி தங்கம்"னேன்.

"மனசு எங்கம்மா இருக்கு?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். குனிஞ்சு தன் சட்டைப் பொத்தானையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் வாயை இறுக்க மூடிக்கிட்டு, கன்னம் ரெண்டும் உப்ப, புஸ்தகத்தை முறைச்சா. வாயோட சேத்து மூச்சையும் பிடிச்சுக்கிட்டா போல. நாலு வரி தாண்டுறதுக்குள்ள 'ஹப்பா'ன்னு விட்டா.

ரெண்டாவது நாள், உதட்டு மேல விரல் வெச்சுக்கச் சொன்னேன். வரிக்குக் கீழ ஓட வேண்டிய விரல் உதட்டுக்குப் போயிருச்சு. வரி தவறிப் போச்சு. அடுத்த கை விரலை வெச்சா, புஸ்தகம் மூடிக்கிச்சு. முட்டியால புஸ்தகத்தை அழுத்திக்கிட்டு, ஒரு விரல் வாயில, ஒரு விரல் வரியில. பாக்கவே பாவமா இருந்துச்சு.

ஒரு வாரத்துல பழகிட்டா. பக்கம் பக்கமா திருப்புறா. வீடு அமைதியா இருக்கு. அடுப்படியில என் வேலையும் ஓடுது. சந்தோஷமா இருந்துச்சு.

மூணாவது வாரம் ஞாயித்துக்கிழமை. ஒரு சின்னக் கதைப் புஸ்தகத்தை மனசுக்குள்ளயே படிச்சு முடிச்சா. "கதையை வரைஞ்சு காட்டுறியா?"ன்னு கேட்டேன். க்ரேயானை எடுத்துக்கிட்டுப் போய் ரொம்ப நேரம் கழிச்சு வந்தா.

ஒரு பாட்டி. பாட்டி கையில ஒரு குடை. தலைகீழா விரிச்சுப் பிடிச்ச குடை. குடைக்குள்ள மஞ்சமஞ்சேர்னு மாம்பழம்.

"ஏன் தங்கம், குடையில மாம்பழம் இருக்கு?"

"கதையில அப்படித்தாம்மா இருக்கு. பாட்டி குடையில மாம்பழம் வெச்சு சந்தைக்குக் கொண்டு போறாங்க."

புஸ்தகத்தை எடுத்துப் பாத்தேன்.

'கூடை'.

அந்தப் படம் இன்னும் எங்க ஃப்ரிட்ஜ் மேலதான் ஒட்டியிருக்கு. அவ்வளவு அழகு. கம்பிக்குக் கம்பி மாம்பழம் உருண்டு நிக்கிறதைக் கூட யோசிச்சு வரைஞ்சிருக்கா. ஆனா அன்னைக்கு எனக்கு ஒரே கவலை. இந்த மூணு வாரத்துல இன்னும் எத்தனை கூடை குடையாச்சோ, எத்தனை பாடம் படமாச்சோ! வாய் விட்டுப் படிச்சிருந்தா அந்த எடத்துலயே அவ காதுல விழுந்திருக்கும். அவ நிக்காட்டியும் அடுப்படியில இருந்து நான் நின்னிருப்பேன்.

மனசுக்குள்ள படிக்கிற பிள்ளை எங்க தடுமாறுதுன்னு பெத்தவளுக்கே தெரியாது. அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது அவ்வளவுதான்.

தமிழ்ல 247 எழுத்துன்னு சொல்லியே பிள்ளைங்களைப் பயமுறுத்துவாங்க. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம் தெரிஞ்சா மிச்சம் 216-ம் ஒரு ஒழுங்குல வந்துரும். (உகர, ஊகார வரிசை மட்டும் எழுத்துக்கு ஒரு சுழி, ஒரு வால்னு நம்மளைச் சோதிக்கும்.) பிள்ளைக்குக் கஷ்டம் எண்ணிக்கையில இல்ல. கு, கூ ரெண்டையும் பாருங்க. கண்ணுக்கு ஒரு சின்னச் சுழிதான் கூட இருக்கு. காதுக்கு ஒரு மாத்திரையே கூட. ஏழு வயசுப் பிள்ளையோட கண்ணு சுழியைத் தாண்டிப் போயிரும். காது அவ்வளவு லேசுல தாண்டிப் போகாது.

'கொ'வை எடுத்துக்கங்க. கண்ணு மொதல்ல பாக்குறது கொம்பை. வாய் மொதல்ல சொல்ல வேண்டியது 'க்'கை. கால் கடைசியில நிக்குது. முன்னாடி நிக்கிறதையும் பின்னாடி நிக்கிறதையும் சேத்துப் பிடிச்சு ஒரே சத்தமாக்கணும். இதைப் பெரியவங்க நாம கவனிக்கிறதே இல்ல. பிள்ளைங்க தெனமும் செய்யுற வேலை இது.

அப்புறம் 'ச'. பசியில வர்ற ச வேற. பச்சையில வர்ற ச வேற. மஞ்சள்ல வர்ற ச வேற. எழுத்து ஒண்ணு, சத்தம் மூணு. இதை எந்த டீச்சரும் விதியாச் சொல்லிக் குடுத்து நான் பாத்ததில்ல. பிள்ளைங்க எப்படிக் கத்துக்குதுங்க தெரியுமா? பாப்பா ஒரு நாள், "மன்... ச... ள்"னு பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. மூணாவது தடவை மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. "ஆ... மஞ்சள்!"

அந்த 'ஆ' இருக்கே, அதுதான் படிப்பு. தப்பாவோ சரியாவோ வாய் ஒரு சத்தம் போடுது. ஏற்கனவே தெரிஞ்ச சொல் ஒண்ணை, இதுதானே அதுன்னு காது அடையாளம் கண்டுபிடிக்குது. அடுத்த தடவை அந்தச் சொல்லைப் பாத்ததுமே தெரிஞ்சிரும். 'எழுத்துக் கூட்டுறது'ன்னு நம்ம ஊர்ல சொல்றது இதைத்தான். சத்தம் போடாம கூட்டுன்னு சொன்னா எதை வெச்சுக் கூட்டும் அந்தப் பிள்ளை?

இதையெல்லாம் யாராவது சோதிச்சுப் பாத்திருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். ஒரு விஷயம் கெடச்சுச்சு. 1930-கள்ல அமெரிக்காவுல சிகாகோ நகரப் பள்ளிகள்ல ஜேம்ஸ் மெக்டேடுன்னு ஒரு கல்வி அதிகாரி. ஆரம்ப வகுப்புப் பிள்ளைங்க வாய் விட்டுப் படிக்கவே கூடாதுன்னு ஒரு முறையைக் கொண்டு வந்தார். டீச்சர் சொல்லை எழுதிக் காட்டுவாங்க. பிள்ளை அதைச் சொல்லக் கூடாது. படத்தையோ பொருளையோ காட்டணும், இல்ல அந்தச் செயலைச் செஞ்சு காட்டணும். எழுத்துல இருந்து நேரா பொருளுக்குப் போயிரணும், நடுவுல சத்தம் எதுக்குங்கிறது அவர் எண்ணம். 1945-ல சிகாகோ பல்கலைக்கழகத்து கை பஸ்வெல் இதை ஆராய்ஞ்சு ஒரு புஸ்தகமே எழுதினார். அந்த முறை நிலைக்கல.

அதைப் படிச்சப்ப என் பிள்ளை உப்பின கன்னத்தோட உக்காந்திருந்ததுதான் ஞாபகம் வந்துச்சு. எந்தக் காலத்துலயோ, எந்த ஊர்லயோ, இதே மாதிரி எத்தனை பிள்ளைங்க வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கும்!

சரி, இனிமே சத்தமாத்தான் படிக்கணும்னு முடிவு பண்ணேன். இதுதான் என்னோட ரெண்டாவது தப்பு.

தெனமும் சாயங்காலம் ஆறு மணியில இருந்து ஒரு மணி நேரம். நான் எதிர்ல உக்காருவேன். ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்துவேன். "ல இல்ல, ள. நாக்கை மடி." "ற வல்லினம். அழுத்திச் சொல்லு." "முற்றுப்புள்ளி இருக்குல்ல? நிறுத்து." ஒரு வரியில நாலு தடவை நிறுத்தினா கதை எங்க ஓடும்? பத்து நாள்ல பாப்பாவுக்கு ஆறு மணிக்குச் சரியா வயித்து வலி வர ஆரம்பிச்சுச்சு. அப்புறம் தாகம். அப்புறம் பாத்ரூம்.

எனக்குச் சட்டுன்னு என்னோட நாலாம் வகுப்பு ஞாபகம் வந்துச்சு.

தமிழ் பீரியட். ஆளுக்கு ஒரு பத்தி படிக்கணும். என் எடம் மூணாவது பெஞ்சுல கடைசி. முன்னாடி எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணி, என் பத்தி எதுன்னு கண்டுபிடிச்சு, அதை மட்டும் மனசுக்குள்ள பத்து தடவை ஓட்டிப் பாப்பேன். மத்தவங்க படிச்சது ஒரு வார்த்தை கூட காதுல விழாது. யாராவது அன்னைக்கு வரலைன்னா பத்தி மாறிப்போகும். ஒடம்பு வேர்த்துரும். (உங்கள்ல எத்தனை பேர் இப்படி எண்ணியிருக்கீங்க? எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். அவரும் எண்ணியிருக்கார், வேற ஊர்ல, வேற ஸ்கூல்ல.) வகுப்புல ஆளுக்கு ஒரு பத்தின்னு படிக்க வெக்கிற இந்தப் பழக்கத்தை ஆராய்ச்சி பண்ணி, இதை விட்டுருங்கன்னு 1998-லேயே மைக்கேல் ஓபிட்ஸும் டிமத்தி ரசின்ஸ்கியும் ஒரு புஸ்தகம் எழுதியிருக்காங்க. பிள்ளைக்கு அதுல கெடைக்கிறது வாசிப்பு இல்ல, நடுக்கம்.

அதே நடுக்கத்தை எங்க வீட்டு ஹால்ல என் பிள்ளைக்கு நானே குடுத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

நிறுத்திட்டேன். ரெண்டு நாள் புஸ்தகமே எடுக்கல.

எங்க சிக்கலைத் தீத்து வெச்சது அப்பத்தா. (பாப்பாவுக்கு அப்பத்தா, எனக்கு அத்தை.)

அத்தை அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சவங்க. கண்ணு இப்ப பொடி எழுத்துக்கு ஒத்துழைக்கிறதில்ல. ஒரு நாள் வெத்தலைச் செல்லத்தோட உக்காந்திருந்தவங்க, "தாயி, அந்தப் பொஸ்தகத்துல என்னதான் போட்டிருக்கு? எனக்குப் படிச்சுச் சொல்லேன்"னாங்க. பாப்பா என்னைப் பாத்தா. நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.

ஒரு நரியோட கதை. பாப்பா திக்கித் திக்கிப் படிக்கிறா. ஒரு எடத்துல 'குகை'யைக் 'கூகை'ன்னு படிச்சுட்டா. என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அத்தை என்ன கேட்டாங்க தெரியுமா?

"அது என்ன தாயி கூகை? ஆந்தையில்ல அது? நரி ஆந்தைக்குள்ளயா போச்சு?"

பாப்பா நின்னா. திரும்ப அந்த வரிக்குப் போனா. "இல்ல அப்பத்தா, குகை. குகைக்குள்ள போச்சு."

"அதானே பாத்தேன். சரி, உள்ள போயி?"

இவ்வளவுதான். நான் ஒரு மாசமா உயிரைக் குடுத்துத் திருத்தினது, ஒரு கேள்வியில திருந்திருச்சு. அத்தைக்குத் தப்பைக் கண்டுபிடிக்கிற நெனப்பே இல்ல. அவங்களுக்குக் கதை வேணும். நிஜமாவே வேணும். நரி என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாகணும். அந்த ஆசை இருக்குல்ல, அது பிள்ளைக்குத் தெரியுது. தன்கிட்ட இருக்கிற ஒண்ணு பெரியவங்களுக்கு வேணும்னு தெரிஞ்சா எந்தப் பிள்ளைக்கும் வயித்து வலி வராது.

வாய் விட்டுப் படிக்கணும்னா கேக்க ஒரு ஆள் வேணும். வெறும் சுவருக்குப் படிச்சா அது ஒப்பிக்கிறதுதான்.

அத்தை இதுக்குப் பழகினவங்க. அவங்க அப்பாரு கிராமத்து டீக்கடையில தினத்தந்தி பேப்பர் படிச்சுச் சொல்லுறவராம். தினத்தந்தி நம்ம மதுரையில 1942-ல ஆரம்பிச்ச பத்திரிகை. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் காதால கேட்டாப் புரியுற தமிழ். ஒருத்தர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் டீ கிளாஸோட கேட்டுக்கிட்டு நிக்கிறது அன்னைக்குப் பல ஊர்ல வழக்கம். "எங்கப்பாரு படிச்சா வெட்டு குத்து சேதி கூட கண்ணு முன்னால நடக்குற மாதிரி இருக்கும்"னு அத்தை சொல்லும்போது அவங்க கண்ணு மின்னுது. மண்டபத்துல பாரதம் படிக்கக் கேட்டு வளந்த ஊர் இது. தனியா ஒரு மூலையில வாய் மூடிப் படிக்கிறதுதான் நமக்குப் புதுசு.

(இன்னொண்ணு படிச்சேன், ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல சால்ட் லேக் சிட்டியில 1999-ல ஒரு அமைப்பு, பிள்ளைங்க நாய்க்குப் படிச்சுக் காட்டுற திட்டத்தை ஆரம்பிச்சிருக்காங்க. பழக்கின நாய். பிள்ளை பக்கத்துல படுத்துக்கிட்டு கேக்கும். திருத்தாது, சிரிக்காது, அவசரப்படுத்தாது. கூச்சப்படுற பிள்ளைங்க கூட நாய்க்குப் படிக்குமாம். நம்ம தெருவுல நாய்க்குப் பஞ்சமா? எங்க பாப்பாவும் ரெண்டு நாள் வாசப்படியில உக்காந்து கருப்பனுக்குப் படிச்சா. கருப்பன் தூங்கிட்டான். அப்பத்தாதான் பரவாயில்லைன்னு திரும்பி வந்துட்டா.)

அத்தைகிட்ட இன்னொரு நல்ல கொணம். பிடிச்ச கதையை மறுபடி கேப்பாங்க. நரிக் கதையை ஒரே வாரத்துல நாலு தடவை படிக்க வெச்சாங்க. முதல் தடவை பாப்பா தடவித் தடவிப் படிச்சா. நாலாவது தடவை நரிக்கு ஒரு குரல், காக்காவுக்கு ஒரு குரல். ஜே சாமுவேல்ஸ்னு ஒரு ஆய்வாளர் 1979-லேயே இதைப் பத்தி எழுதியிருக்கார்: ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க விட்டா வேகம் கூடும், தப்பு கொறையும், அடுத்த புதுப் பகுதியையும் பிள்ளை இன்னும் சுலபமாத் தொடங்கும். நாமதான் "இதைத்தான் படிச்சாச்சே, அடுத்ததை எடு"ன்னு விரட்டுறோம்.

இந்தச் சமயத்துலதான் ஒண்ணைக் கவனிச்சேன். புஸ்தகத்துல 'அவள் வீட்டிற்குச் சென்றாள்'னு இருக்கு. பாப்பா "அவ வீட்டுக்குப் போனா"ன்னு படிக்கிறா. முந்தியா இருந்தா நிறுத்தியிருப்பேன், 'உள்ளதை உள்ளபடி படி'ன்னு. இப்ப யோசிச்சுப் பாத்தா, அவ அந்த வரியைப் புரிஞ்சுக்கிட்டு, ஒரு நொடியில அப்பத்தாவோட தமிழுக்கு மாத்திக் குடுத்திருக்கா! புரியாம மாத்த முடியுமா? வீட்டுல பேசுற தமிழ் ஒண்ணு, புஸ்தகத்துல இருக்கிற தமிழ் ஒண்ணு. 'சென்றாள்', 'வந்துகொண்டிருந்தான்' இதையெல்லாம் நம்ம பிள்ளைங்க வேற எங்கயும் கேக்கப் போறதில்ல. அவங்க வாயாலதான் அவங்க காதுக்கே முதல் தடவை கேக்குது. கொஞ்ச நாள்ல அவளே 'சென்றாள்'னு படிக்க ஆரம்பிச்சா. அத்தைக்கு அது கூத்து மாதிரி இருந்துச்சாம். "ராணி பேசுற மாதிரி இருக்குடி"ன்னாங்க.

இதைப் படிச்சிட்டு, சத்தமாப் படிச்சா எல்லாம் சரியாயிரும்னு நெனச்சுக்காதீங்க. எங்க அண்ணன் மகன் நாலாம் வகுப்பு. ஆங்கிலப் பாடத்தை அருவி மாதிரி படிப்பான். உச்சரிப்பு, ஏத்த இறக்கம் எல்லாம் அப்படி இருக்கும். வந்தவங்க முன்னாடி நிறுத்திப் படிக்கச் சொல்லிக் கைதட்டுவோம். ஒரு நாள் சும்மா, "அந்தப் பையன் ஏண்டா அழுதான்?"னு கேட்டேன். முழிச்சான். "எந்தப் பையன் அத்தை?"ன்னான். பாவம், அவன் கவனம் முழுக்கச் சத்தத்துல. அர்த்தத்துக்கு மிச்சம் எதுவும் இல்ல. அவனை "இன்னொரு தடவை வாயை மூடிக்கிட்டு மெதுவாப் பாத்துட்டு வா"ன்னு அனுப்பினேன். வந்து சொன்னான். நாய்க்குட்டி தொலைஞ்சு போச்சாம். அந்தப் பிள்ளைக்கு அந்த எடத்துல மௌனம்தான் வேண்டியிருந்துச்சு.

அதனால பாப்பாகிட்டயும் படிச்சு முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி. பரிட்சைக் கேள்வி இல்ல, வம்பு பேசுற கேள்வி. "அந்த நரி பண்ணது சரியா?" அவ்வளவுதான்.

சொல்வதெழுதுதலுக்கும் ஒரு வழி கெடச்சுச்சு. கனடாவுல வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல காலின் மெக்லியோடும் கூட இருந்தவங்களும் 2010-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு சொல் பட்டியல்ல பாதியைச் சத்தமா, பாதியை மனசுக்குள்ள படிக்கச் சொன்னா, சத்தமாப் படிச்சது நல்லா ஞாபகம் இருக்கு. வாயில சொல்லி, காதுல கேட்டது மத்ததுல இருந்து தனிச்சு நிக்குதுங்கிறாங்க. அப்ப எல்லாத்தையும் கத்தணும்னு அவசியம் இல்ல. பாப்பா பத்து வார்த்தையில அவளுக்கு வராத மூணை மட்டும் உரக்கச் சொல்றா. போன வாரம் 'பௌர்ணமி', 'கற்கண்டு', 'வாழைப்பழம்'. வாழைப்பழத்துக்கு மட்டும் வீடே அதிரும்.

டைரி விஷயத்துக்கு வர்றேன்.

டீச்சரைப் பாத்துப் பேசலாம்னு ஒரு சனிக்கிழமை போனேன். கோவத்தோடதான் போனேன். குடை படத்தையும் ஃபோன்ல எடுத்துட்டுப் போயிருந்தேன். டீச்சர் படத்தைப் பாத்தாங்க. சிரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "என் வகுப்புல 38 பிள்ளைங்கங்க. நடுவுல ஒரு தட்டிதான், அந்தப் பக்கம் மூணாம் வகுப்பு. 38 பேரும் வாய் விட்டுப் படிச்சா அங்க கணக்கு நடக்காது. ஒவ்வொருத்தரா கேக்கலாம்னா ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம் கூட வராது. அதான் எல்லாருக்கும் அப்படி எழுதிவிட்டேன்."

என் கோவம் போயிருச்சு. அந்த டீச்சரும் கேக்க ஆசைப்படுறவங்கதான். கேக்க நேரம் இல்ல. இது அவங்க ஒருத்தரோட பிரச்சினையும் இல்ல.

2005-ல இருந்து பிரதம் அமைப்பு 'அசர்'னு ஒரு கணக்கெடுப்பு நடத்துது, தெரிஞ்சிருக்கும். தன்னார்வலர்கள் கிராமத்துல வீடு வீடாப் போய், ஒவ்வொரு பிள்ளை பக்கத்துலயும் உக்காந்து, எழுத்து, சொல், சின்னப் பத்தி, ஒரு கதைன்னு படிக்கச் சொல்லிக் காதால கேப்பாங்க. பிள்ளைக்குப் படிக்கத் தெரியுதான்னு கண்டுபிடிக்க அவங்களுக்கே வேற வழி இல்ல. 2024 அறிக்கையில, நாடு முழுக்க கிராமத்துல மூணாம் வகுப்புப் பிள்ளைங்கள்ல 27.1 சதவீதம் பேருக்குத்தான் ரெண்டாம் வகுப்புப் பாடம் படிக்க வந்திருக்கு. மிச்ச பிள்ளைங்க வாயை மூடிக்கிட்டு வகுப்புல உக்காந்திருந்தா, படிக்கத் தெரிஞ்ச பிள்ளை மாதிரியேதான் தெரியும். எனக்கு அந்த நெனப்புதான் தொண்டையில அடைக்குது.

டீச்சர்கிட்ட ஒரு யோசனை சொன்னேன். ரெண்டு ரெண்டு பேரா உக்கார வெச்சு, ஒருத்தர் மெல்லிசாப் படிக்க, இன்னொருத்தர் கேக்கட்டும். அப்புறம் மாத்திக்கட்டும். 19 குரல், அதுவும் குசுகுசுன்னு. "பண்ணிப் பாக்குறேன்"னாங்க. பண்ணியும் பாத்தாங்க. வாரத்துல ரெண்டு நாள் மரத்தடியில உக்கார வெக்கிறாங்களாம். பாப்பாவோட ஜோடி ஒரு பையன். அவன் 'ழ' சொல்ல மாட்டேங்கிறான்னு தெனமும் வீட்டுல புகார்.

அரசுப் பள்ளியில வேலை பாக்குற என் தோழி, அரசோட வாசிப்பு இயக்கத்துப் புஸ்தகம் சிலதைக் காட்டினா. பிள்ளைங்களோட வாசிப்பு நிலைக்கு ஏத்த மாதிரி 'நுழை', 'நட', 'ஓடு', 'பற'ன்னு பிரிச்சிருக்காங்க. என்ன அழகான பேரு! நுழையுற பிள்ளைகிட்ட யாராவது 'பறக்கும்போது காலை ஆட்டாதே'ன்னு சொல்வாங்களா?

மௌனம் எப்ப வரும்னு நான் காத்துக்கிட்டு இருக்கல. அது வந்தது எனக்குத் தெரியவும் இல்ல.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நத்தம் ரோட்டுல இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போவோம். 2023 ஜூலையில தெறந்ததுல இருந்தே பழக்கம். சிம்மக்கல்ல பஸ் ஏறினா பாப்பாவுக்கு ஜன்னல் சீட்டு. வழியில இருக்கிற கடை போர்டு எல்லாத்தையும் உரக்கப் படிச்சுக்கிட்டே வருவா. "ஸ்ரீ... மீ... னாட்சி... பாத்... திரக் கடை." "ஜிகர்... தண்டா." "நகை அட... குக் கடை." பஸ்ஸே சிரிக்கும். வைகைப் பாலத்து மேல போர்டு கிடையாது, அங்க மட்டும் அமைதி. கோரிப்பாளையத்துல மறுபடி ஆரம்பம். தல்லாகுளம் வர்றதுக்குள்ள எனக்கும் முன் சீட்டு அம்மாவுக்கும் எல்லாக் கடையும் அத்துப்படி.

போன மாசம் அதே பஸ். அதே ஜன்னல். சிம்மக்கல் தாண்டுச்சு, பாலம் தாண்டுச்சு, கோரிப்பாளையம் வந்துருச்சு. சத்தமே இல்ல.

"ஏன் தங்கம், இன்னைக்குப் போர்டு படிக்கலையா?"

திரும்பிக்கூடப் பாக்கல. "படிச்சுக்கிட்டுத்தாம்மா வர்றேன்."

அப்படியே உக்காந்துட்டேன். யாரும் விரல் வெக்கச் சொல்லல. யாரும் டைரியில எழுதல. சத்தம் குசுகுசுவாகி, குசுகுசு வெறும் உதடாகி, உதடும் நின்னு போச்சு. எப்ப நடந்துச்சு இது? பிள்ளைங்க வெளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கும் இல்லியா, அந்தப் பேச்சுதான் வளர வளர உள்ள போய் யோசனையாகுதுன்னு ரஷ்யாவுல வைகோட்ஸ்கி எழுதினார். அவரோட 'சிந்தனையும் மொழியும்' 1934-ல வந்த புஸ்தகம். வாசிப்பும் அதே வழியிலதான் உள்ள போகுதுன்னு இப்ப நெனக்கிறேன். வெளிய போதுமான அளவு பேசியிருந்தாத்தான் உள்ள போகும்.

இன்னொண்ணும் பாத்தேன். தல்லாகுளத்துக்கிட்ட ஒரு புது போர்டு. 'எலும்பு முறிவு சிகிச்சை மையம்'. அங்க மட்டும் அவ உதடு லேசா அசைஞ்சுச்சு. 'முறி... வு'ன்னு. ஆகெ எட்ஃபெல்ட்னு ஸ்வீடன் ஆய்வாளர் ஒருத்தர், மௌனமாப் படிக்கிற பெரியவங்களோட உதட்டுலயும் தொண்டையிலயும் தசை அசைவைக் கருவி வெச்சு அளந்து 1960-ஐ ஒட்டி எழுதியிருக்கார். பாடம் கடினமாக ஆக, அசைவு கூடுதாம். அப்ப உதடு அசையுறது படிக்கத் தெரியாததோட அடையாளம் இல்ல. கஷ்டமான எடத்துல ஊன்றிக்கிற கம்பு. நானும் பேங்க் கடன் பத்திரம் படிக்கும்போது கவனிச்சேன். மூணாவது பக்கத்துல என் உதடு அசையுது.

இப்ப பாப்பா ஊஞ்சல்ல உக்காந்து வாய் மூடிப் படிக்கிறா. வேகம் கூடிருச்சு. நடுவுல திடீர்னு சிரிக்கிறா. எதுக்குன்னு கேட்டா, "ஒண்ணுமில்லம்மா"ங்கிறா. எனக்குக் கொஞ்சம் ஏக்கமாவும் இருக்கு, சந்தோஷமாவும் இருக்கு.

நேத்து சாயங்காலம் அப்படித்தான், ஒரு புது நரிப் புஸ்தகத்தோட ஊஞ்சல்ல. அத்தை வெத்தலையை மடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் தாங்கல.

"தாயி."

"ம்?"

"நீ பாட்டுக்கு உள்ளுக்குள்ளயே படிச்சா, அந்த நரி என்ன ஆச்சுன்னு எனக்கு யாருடி சொல்றது?"

பாப்பா நிமிந்து பாத்தா. பதினோராம் பக்கத்துல இருந்தவ, புஸ்தகத்தைத் திருப்பி முதல் பக்கத்துக்குப் போனா. ஊஞ்சல்ல கொஞ்சம் நகந்து எடம் விட்டா.

"வா அப்பத்தா. ஒரு ஊர்ல..."